மாஸ்டருக்குப் போட்ட ஒருநாள் லென்ஸ்

இப்போது ஒருநாள் லென்ஸைக் கூரியர்காரர் வீட்டு கேட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாராம். போன கிழமை கடைப் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தபோது பெருமையாகச் சொன்னார்கள்.

"மிஸ், இனிமே ஆளே கடைக்கு வரத் தேவையில்ல. பவரைப் போன்ல அடிச்சா பெட்டி வீட்டுக்கே வந்திரும்."

"பெட்டி வரும். கண்ணுல போட்டு விடுறது யாரு, கூரியர்காரனா?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். வீடியோவைப் பார்த்து ஆட்கள் தாங்களே போட்டுக்கொள்வார்களாம். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. கண்டியில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில், வேலைக்குப் போன நாள் முதல் ஓய்வு எடுத்த நாள் வரை, அடுத்தவர் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வீடியோ இமையைத் தூக்குமா? என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை பேச்சை மாற்றினாள். "உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க மிஸ். டெஸ்ட் ரூம் சுவத்துல ஒட்டுவோம்."

எழுத உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டக்கூடியது முதற் பாதிதான். மிச்சத்தை அவர்கள் மடித்து வைத்துக்கொள்ளட்டும்.

என் ஊர் வத்தேகம. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அப்பா வேலை செய்த துணிக்கடை எரிந்தது. அதன்பிறகு அவர் எந்த வேலையிலும் ஊன்றி நிற்கவில்லை. நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கண்டியில் கொழும்பு வீதி என்ற தெருவில் இருந்த கண்ணாடிக் கடை ஒன்றில் சேர்ந்தேன். முதலில் ஃபிரேம் துடைத்தேன், பிறகு பில் போட்டேன். அதன்பின் கடை முதலாளி நசீர் சேர் என்னைக் கொழும்புக்கு அனுப்பி லென்ஸ் வேலை படிக்க வைத்தார். பொம்பிளைப் பிள்ளைகளின் கண்ணைத் தொட ஒரு பொம்பிளை வேண்டும் என்பதுதான் காரணம். ஆனால் படித்துவிட்டு வந்தபின் ஆம்பிளைகளின் கண்ணையும் நான்தான் தொட்டேன். சேரின் விரல்கள் பருமன்.

நசீர் சேர் கண் பரிசோதிப்பதில் கெட்டிக்காரர். அதைவிடக் கெட்டிக்காரத்தனம், லென்ஸ் விற்காமல் ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் இருந்தது. கதிரையில் இருத்தி, பவரைக் கேட்குமுன்பே விசாரணையைத் தொடங்குவார். "எந்தக் கையால சாப்பிடுற? மூஞ்சி கழுவுறது பைப் தண்ணியா, மலையில இருந்து வார பீலித் தண்ணியா? வீட்ல நல்ல மூக்குக்கண்ணாடி ஒண்டு ஈக்கா?" கண்ணாடி இல்லை, லென்ஸ் போட்டால் பிறகு எதற்கு என்று யாராவது சொன்னால் கதை முடிந்தது. "லென்ஸ் போடுறவங்களுக்குத்தான் நல்ல கண்ணாடி வேணும். மொதல்ல அத வாங்குங்க, பொறகு வாங்க" என்று எழுந்து கதவைத் திறந்து விடுவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போதுகூட அத்தர் பூசமாட்டார். திரும்பி வந்து யாருடைய கண்ணையாவது பார்க்க வேண்டியிருக்கும், விரலில் வாசம் இருக்கக்கூடாது என்பார். எங்களுக்கும் அப்படித்தான். கைக்கு கிரீம் இல்லை, தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் இல்லை.

சாப்பிடும் கையை ஏன் கேட்டார் என்று சொல்லவேண்டும். ஆரம்ப காலத்தில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வங்கிப் பிள்ளை லென்ஸ் வாங்கிப் போனாள். மத்தியானம் சோறும் கட்டைச் சம்பலும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு, பின்னேரம் அதே விரலால் லென்ஸைக் கழற்றினாள். மிளகாய் நகக்கண்ணில் ஒளிந்திருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்களாம். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு சட்டம் வந்தது. லென்ஸ் இடது கையால்தான் போடவேண்டும், இடது கையால்தான் எடுக்கவேண்டும். வலது கை மேலிமையை வெளியிலிருந்து தூக்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் எழுதிய எந்தப் புத்தகத்திலும் இது இல்லை, அவர்கள் கரண்டியால் சாப்பிடுகிறவர்கள். ஆனால் இடது கை என்றதும் ஆட்களுக்கு முகம் சுருங்கும். "அந்தக் கையாலயா கண்ணைத் தொடுறது?" என்பார்கள். சேர் சிரிக்காமல், "சவுக்காரத்துக்கு எடது, வலது தெரியுமா?" என்று கேட்பார். மறுபேச்சு இருக்காது.

ஒருநாள் லென்ஸ் எங்கள் கைக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். காலையில் புதிதாக உடைத்துப் போட்டு, அன்றே எடுத்து எறிவது. கழுவுவதற்கு மருந்துத் தண்ணீர் வேண்டாம், ஊறப்போட டப்பி வேண்டாம். இவ்வளவு லேசான சாமானை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! "ஒரு நாள் போட்டு எறியுறதா? செருப்பையே ரெண்டு வருஷம் போடுறேன் மிஸ்" என்றார் ஒரு கடைக்காரர். ஒரு அம்மா எறிய மனமில்லாமல் கடதாசியில் வைத்து மடித்து அடுத்த நாள் எடுத்திருக்கிறார். அது காய்ந்து அப்பளமாகிவிட்டது, பழுதான சாமானைத் தந்துவிட்டோம் என்று சண்டைக்கு வந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, வத்தேகமையில் ஒரு பஸ் முதலாளியின் மனைவி. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று லென்ஸைச் செவ்விளநீரில் ஊறப்போட்டு வைத்தவர் அவர். அந்தக் கண்ணை ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் கருவியில் பார்த்துவிட்டு நசீர் சேர் வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். கோபம் வந்தால் ஆள் முன்னால் பேசமாட்டார், அது அவர் வழக்கம்.

இவ்வளவும் சுவரில் ஒட்டலாம்.

அந்த யுத்த வருஷங்களில் கண்டி நகரத்துக்குள் வருவதென்றால் சோதனை இல்லாமல் வரமுடியாது. நகரத்தில் குண்டு வெடித்தபின் நடு வீதிகள் சிலவற்றை மூடிவிட்டார்கள். பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள், பையைத் திறப்பார்கள், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு தடவை கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த லென்ஸ் பெட்டியைத் திறந்து, ஒரு பொலிஸ்காரர் மேல்தாளைக் கிழித்து உள்ளே விரலை விட்டார். கொஞ்சம் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. "மே மொக்கத?" என்று சிங்களத்தில் கேட்டார், இது என்ன என்று. கண்ணாடி என்றேன். என்னைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பைத்தியம் என்று முடிவு செய்து போகச் சொல்லிவிட்டார்.

இரகுநாதன் மாஸ்டர் கடைக்கு வந்தது அப்படியான ஒரு காலத்தில். யாழ்ப்பாணத்துக்காரர். பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, அங்கேயே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மைனஸ் பத்துக் கண்ணாடி. அவ்வளவு பவர் கண்ணாடிக்குப் பின்னால் யாருடைய கண்ணும் சிறுத்துத்தான் தெரியும். அவருடையதும் இரண்டு மிளகுதான்.

ஏன் லென்ஸ் என்று நசீர் சேர் கேட்டார். வருகிற இளைஞர்கள் எல்லோரும் கலியாணம் என்பார்கள், அல்லது கிரிக்கெட் என்பார்கள். இவர் சொன்னது வேறு.

"அடையாள அட்டைப் படத்தில கண்ணாடி இல்லைத்தானே சேர். அதால எல்லா இடத்திலயும் கழட்டச் சொல்லுறாங்கள். கழட்டினா முன்னால நிக்கிறது மனிசனோ மரமோ எண்டு எனக்குத் தெரியாது. போன மாசம் ஆமியின்ர ஒரு சுத்திவளைப்பில என்னையும் பிடிச்சவை. கண்ணாடியைப் பறிச்சுப் பொக்கற்றுக்க வெச்சிட்டினம். எல்லாரையும் ஒரு ஜீப்புக்கு முன்னால வரிசையா நிப்பாட்டினவை. உள்ளுக்க சாக்கால முகத்தை மூடின ஒருத்தன் இருந்தவனாம். அவன் தலையாட்டினா அந்த ஆளைக் கொண்டுபோவினம். எனக்கு ஆட்டேல்லை. பக்கத்தில நிண்ட பொடியனுக்கு ஆட்டினவன்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொடியன்ர தாய் வந்து என்னைக் கேட்டவ. ஆர் கொண்டுபோனது, எந்த வண்டியில ஏத்தினவை, அடிச்சவையோ எண்டு. பக்கத்தில நிண்ட எனக்கு ஒரு பதிலும் சொல்லத் தெரியேல்லை சேர். ஒருத்தராலயும் பறிக்கேலாத கண்ணாடி ஒண்டு எனக்கு வேணும்."

சேர் வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. "மாஸ்டர், ஒங்களுக்கு லென்ஸ் தர எனக்குப் பயமா ஈக்குது" என்றார். "போட்டுக்கிட்டு இருக்கக்குள்ள ஒங்களக் கொண்டு போனா? உள்ளுக்குக் கை கழுவ யாரு தண்ணி தார? ராவும் பகலும் அது கண்ணுலயே கெடந்தா கருவிழி மூச்சு முட்டிப் போகும். புண் வந்திச்செண்டா பார்வையே போகும்."

"அப்பிடி நடந்தா கழட்டி எறிஞ்சிடுவன்."

"எறியுவீங்களா?"

"ஓம்."

அன்றைக்கு எந்த லென்ஸ் என்று தெரிவு செய்ய எங்களுக்கு நிறைய நேரம் எடுத்தது. வருஷக்கணக்கில் போடும் லென்ஸ் மலிவு. ஆனால் அதற்கு மருந்துத் தண்ணீர்ப் போத்தல் வேண்டும். தமிழ்ப் பெயர் உள்ள ஒரு ஆள் சட்டைப் பையில் பெயர் தெரியாத திரவம் உள்ள போத்தலோடு பஸ்ஸில் போவதை நினைத்துப் பார்த்தோம். அது சரிவராது. மாத லென்ஸுக்கும் அதே பிரச்சினை. மேலும், மாதம் முழுக்கப் போடவேண்டியதை எறிய மனிதருக்கு மனம் வராது. ஒருநாள் லென்ஸ் என்றால் எறிவதற்கென்றே பிறந்தது. அதுதான் என்று முடிவாயிற்று. சேர் கண்ணீரின் அளவைப் பார்த்தார், கருவிழியின் வளைவை அளந்தார். மாதிரி லென்ஸை நான் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் விட்டுக் கீழிமையை மெல்ல மேலே தள்ளிப் பார்க்கவேண்டும். லென்ஸ் சற்று அசைந்து திரும்பத் தன் இடத்துக்கு வரவேண்டும். அசையாவிட்டால் இறுக்கம், ஓடினால் தளர்வு. மாஸ்டரின் கண்ணில் அது அசைந்து, திரும்பி வந்து, சரியாக உட்கார்ந்தது.

லென்ஸ் போட்டு முடிந்ததும் நான் எல்லோரிடமும் "தெரியுதா?" என்று கேட்பேன். அந்தக் கதிரையில் இருப்பவர் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான், வேறு வழியில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார். மிளகு மாதிரி இருந்த கண்கள் அகலமாக, கரிய இமைமயிரோடு, தண்ணீர் கட்டி நின்றன. இந்தக் கண்களையா இத்தனை வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார் என்று நினைத்தேன்.

"எல்லாம் பெரிசாத் தெரியுது" என்றார். பிறகு, "உங்கட புருவத்தில ஒரு தழும்பு" என்றார்.

"சின்னதுல பீலியில வழுக்கி விழுந்தது" என்றேன். என் வீட்டில் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதில்லை.

அவருக்குப் போடவும் எடுக்கவும் பழக்கியது நான். மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, குனிந்து அதைப் பார்க்கச் சொல்லுவேன். லென்ஸை விரல் நுனியில் நிறுத்தி விளிம்பைப் பார்க்கவேண்டும். கோப்பை மாதிரி நின்றால் சரியான பக்கம், பீங்கான் தட்டு மாதிரி விரிந்தால் உள்புறம் வெளியே வந்திருக்கிறது. கணக்கு வாத்தியார் அல்லவா, அதை உடனே பிடித்துக்கொண்டார். இடது கைதான் பிடிபடவில்லை. விரலிலிருந்து லென்ஸ் கன்னத்தில் விழும், மூக்கில் ஒட்டும். "மாஸ்டர், கண் இன்னும் கொஞ்சம் மேல இருக்கு" என்று பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். கல்யாணமாகாத ஒரு பெண் ஒரு அந்நிய ஆணின் கன்னத்தைத் தொட்டு, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மூச்சு முகத்தில் படும் தூரத்தில் நிற்பதற்கு எங்கள் ஊரில் வேறு எந்தத் தொழிலும் அனுமதி தராது. எத்தனையோ ஆண்களின் முகத்தை அப்படிப் பிடித்திருக்கிறேன், ஒரு கதவுப் பிடியைப் பிடித்த மாதிரித்தான். இவர் வரும் சனிக்கிழமைகளில் மட்டும் கையைக் கழுவிவிட்டு வரும்போது விரல் நுனி சில்லென்று இருக்கிறதே என்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வருவேன்.

நன்றாகப் பழகியபின் ஒரு நாள் நசீர் சேர் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து தன் கைலேஞ்சித் துணியை எடுத்து என்னிடம் தந்தார். "மகள், மாஸ்டர்ட ரெண்டு கையையும் சேத்துக் கட்டுங்க."

நான் விளங்காமல் பார்த்தேன். மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. மணிக்கட்டுகளைச் சேர்த்து என்முன் நீட்டினார். கட்டினேன்.

"இப்ப கழட்டுங்க. கண்ணாடி பாக்கத் தேவல்ல."

முதல் தரம் முடியவில்லை. பிறகு தலையைக் குனிந்து, கட்டிய கைகளை முகத்துக்குக் கொண்டுபோய், இடது கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுத்தார். சேர் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். கையைப் பின்னால் கட்டினால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தார். மூடிய இமையை முழங்காலில் அழுத்தித் தேய்த்தால் லென்ஸ் மடிந்து வெளியே வரும். கண்ணுக்கு அது நல்லதல்ல, ஆனால் உள்ளே கிடப்பதைவிட நல்லது. அதையும் செய்து காட்டச் சொன்னார். ஒரு படித்த மனிதர் எங்கள் டெஸ்ட் ரூம் தரையில் குந்தி முழங்காலில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வெச்சிருந்தாலும் சரி, பொழுது பட்டாக் கழட்டணும். விளங்கிச்சா?" என்றார் சேர்.

"ஓம்" என்றார் மாஸ்டர்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. அவர் பெட்டி வாங்க வருவார். கண்ணைப் பார்த்து அனுப்புவோம். பஸ்ஸில் அட்டையை நீட்டும்போது இப்போது முன்னால் நிற்பவனின் மீசைகூடத் தெரிகிறது என்பார். ஒரு தடவை பள்ளிக்கூடப் பிள்ளைகள் தந்தது என்று ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது. நான் தோட்டப்பக்கத்து ஆள், அவர் யாழ்ப்பாணத்தில் கல்வீட்டு ஆள். கேட்காமலே பதில் தெரிந்த விஷயங்களை யாரும் கேட்பதில்லை.

பிறகு ஒரு காலை வத்தேகம பஸ்ஸில் கேள்விப்பட்டேன். முதல் நாள் பன்விலையில் சுற்றிவளைப்பு. மாஸ்டரைப் பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவரிடம் படித்த பெரிய பையன்கள் இரண்டு பேரையும், மடுல்கெல்லப் பக்கத்து இளைஞர்கள் சிலரையும் அதே வண்டியில் ஏற்றினார்களாம். பகல் நேரம். அப்படியென்றால் லென்ஸ் கண்ணில் இருந்திருக்கிறது.

கடைக்கு வந்து சேரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கு யாருக்கும் கண் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களிடமெல்லாம் போய்வந்தார். பின்னேரம் கடை சாத்தும்போது வெளியே வானத்தைப் பார்த்துவிட்டு, "பொழுது பட்டுட்டு. கழட்டிருப்பாரா மகள்?" என்று கேட்டார். அதற்கடுத்த நாட்களிலும் அதே நேரம், அதே கேள்வி. நான் கட்டுகலைக் கோயிலுக்குப் போய் நின்றேன். எல்லோரும் ஆளை விடச் சொல்லிப் பிள்ளையாரைக் கேட்பார்கள். நான் முதலில் கேட்டது லென்ஸைக் கழற்ற வை என்றுதான். அப்படி ஒரு வேண்டுதலோடு அவரிடம் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிட்டத்தட்ட மூன்று கிழமைக்குப் பிறகு விட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தார். மெலிந்து, தாடியோடு, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தபோது எனக்கு ஆளே பிடிபடவில்லை. கதிரையில் இருத்திக் கையை எடுத்தேன். இடது கண் தெளிவாக இருந்தது. வலது கண் வீங்கிச் சிவந்து, வெளிச்சம் பட்டதும் தண்ணீராய் ஓடியது. அதற்குள் லென்ஸ் இன்னும் இருந்தது.

சேர் கையைக் கழுவிவிட்டு அவரே அதை எடுத்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தோம். கருவிழியின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அதுதான் புண். ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, நடுவில் வந்தால் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும்.

வழக்கப்படி கோபத்தை விழுங்கிக்கொண்டு வெளியே போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஏன் மாஸ்டர்? எத்தன தரம் செஞ்சி காட்டின? ஒண்டைக் கழட்டத் தெரிஞ்ச ஆளுக்கு மத்ததக் கழட்டத் தெரியல்லயா?"

"தெரியும் சேர். கழட்டேல்லை." மாஸ்டரின் குரலில் பதற்றமே இல்லை. "முதல் நாள் பொழுது படேக்க இடதைக் கழட்டி எறிஞ்சிட்டன். ரெண்டையும் கழட்டினா ஒண்டும் தெரியாது. ரெண்டையும் விட்டா ரெண்டும் போயிடும். ஒண்டை எடுத்தன், ஒண்டை வெச்சன்."

"என்னத்தப் பாக்க?"

"அங்க இருந்த பொடியங்களை. என்னோட வந்தவை, முன்னமே இருந்தவை. ஆர் இருக்கினம், ஆரை வேற இடத்துக்கு மாத்தினவை, ஆர் எழும்பி நடக்கினம் எண்டு பாத்து வெச்சிருக்கிறன். இந்த முறை தாய்மார் வந்து கேட்டா நான் சொல்லவேணும்."

சேர் தன் கைலேஞ்சியால் மாஸ்டரின் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தார். பிறகு தானே முச்சக்கர வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவரைக் கண் வார்டில் வைத்திருந்தார்கள், பகலும் இரவும் மணிக்கொரு தரம் மருந்து. நான் வேலை முடிந்து போவேன். மாஸ்டர் கண்ணுக்குக் கட்டுப் போட்டபடி ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஆள் எப்படி இருக்கிறான் என்று சொல்லுவார். "நான் சுகமாகிப் போகும்வரைக்கும் தாய்மார் காத்திருக்கேலாது மிஸ். நீங்கள் போய்ச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்லைக்குப் பஸ் ஏறினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா விறகு உடைத்துக்கொண்டிருந்தார். மகனின் பெயரைச் சொன்னதும் கத்தி கையிலேயே நின்றது.

"இருக்கான்மா. மாஸ்டர் பாத்திருக்காரு."

"பாத்தாரா? கண்ணால பாத்தாரா?"

"கண்ணால பாத்தாரு. தாடி வளந்திருக்காம். கால்ல ஒரு காயமாம், ஆனா எந்திரிச்சு நடக்குறானாம். சோறு வந்தா பக்கத்துல இருக்கிற சின்னவனுக்கும் பங்கு வைக்கிறானாம்."

"அவன்தான். அவன் அப்படித்தான்," என்று அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடிக்கும்வரை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார், நான் அதே பதிலைச் சொன்னேன். அந்த மகன் பின்னொரு காலத்தில் வீடு வந்து சேர்ந்தான். நான் போய்ச் சொன்ன எல்லா வீட்டுக்கும் அப்படி நடக்கவில்லை.

மாஸ்டரின் புண் ஆறியது. தழும்பு நடுவிலேயே நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் ஆவி படிந்த யன்னல் வழியே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். இனி அந்தக் கண்ணுக்கு லென்ஸ் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்குக்கூட நசீர் சேர் நெடுநாள் தரவில்லை, கண்ணாடியோடு இரு என்றார். மாஸ்டர் பொறுத்திருந்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

கனடாவில் இருந்த தமையன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். போகிற அன்று, கொழும்புக்கு வான் ஏறுமுன் கடைக்கு வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். சேருக்குக் கைகொடுத்துக் கதைத்தார். பிறகு பின்னறைக்கு வந்து எப்போதும் இருக்கும் கதிரையில் இருந்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், சட்டைப் பையிலிருந்து உடைக்காத ஒரு லென்ஸை எடுத்து நீட்டினார்.

"இண்டைக்கு நீங்களே போட்டு விடுங்கோ."

கட்டிய கைகளாலும் லென்ஸைக் கையாளத் தெரிந்தவர் அவர். ஏன் என்று நான் கேட்கவில்லை. கதவருகே நின்ற நசீர் சேர், "நான் லுஹர் தொழுகைக்குப் போயிட்டு வாரன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

கையைக் கழுவினேன். துடைத்தேன். விரலைத் தேய்த்துச் சூடாக்கினேன். தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். முன்பெல்லாம் இமை துடிக்கும், அன்று துடிக்கவில்லை. லென்ஸ் போய் அமர்ந்தது.

"தெரியுதா?" என்று கேட்டேன்.

அவர் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அசையவில்லை. பன்விலைப் பையன்களைப் பார்த்து வைத்துக்கொண்ட மாதிரி இப்போது என்னைப் பார்த்து வைத்துக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கியது. வெளியே வான்காரர் ஹோர்ன் அடித்தார்.

எனக்குப் பிறகு கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் கோபிக்கமாட்டார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நசீர் சேரும் இப்போது இல்லை. மாஸ்டர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் பின்னேரம் வெளிச்சம் இறங்கும்போது அந்த மனிதரை நினைக்காத நாள் குறைவு.

அன்று ஹோர்ன் சத்தம் கேட்டதும் மாஸ்டர் எழுந்து வாசல்வரை போனார். அந்தத் தொழிலில் இருந்த காலம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவரிடம், இன்றைக்கு மட்டும் கழற்றாதீங்க என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. நான் சொன்னது வேறு.

"பொழுது பட்டாக் கழட்டி எறிஞ்சிருங்க மாஸ்டர்."

"ஓம்" என்றார்.

ஒரு தடவை எங்கள் பேச்சைக் கேட்காமல் கண்ணைக் கொடுத்தவர். இந்த முறை கேட்டிருப்பார், கேட்டிருக்கவும் வேண்டும். கேட்காமல் அந்த ஒரு இரவாவது லென்ஸைக் கண்ணில் வைத்திருந்திருக்கக் கூடாதா என்று மனம் இன்னும் கேட்கிறது.